மீன்கொத்திப் பெட்டி

1963ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி. தெற்கிலிருந்து கிளம்பிய காற்று ஏரியைக் கடந்து, தீவிலுள்ள எங்கள் ஊரான நாரைமுனைக்கு வந்ததும் நின்றுவிட்டது. கொடியில் கிடந்த துணி அசையவில்லை. கரையில் செத்து ஒதுங்கிய சிறுமீன்களின் வாடை தெருவரை ஏறியிருந்தது. அந்த வாடையையும் மீறி இன்னொரு நாற்றம் தன்னைத் தனியாக அறிவித்துக்கொண்டது என்றால், அது எத்தகைய நாற்றமாக இருந்திருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

ஊர்த் தபால் நிலையம் என் வீட்டின் முன்னறைதான். தபால் வண்டிக்காரர் மூட்டையைக் கை நீளத்துக்கு அப்பால் பிடித்தபடி வாசலில் இறங்கினார்.

"யூலாலி, உங்க ஊருக்குப் பொணம் ஒண்ணு பதிவுத் தபால்ல வந்திருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்க."

"உங்க மத்தியானச் சாப்பாடா இருக்கும். தவறி மூட்டைல விழுந்திருக்கும்."

"என் பொண்டாட்டி சமையலைப் பத்தி என்ன வேணாச் சொல்லு. அதுல புழு மட்டும் இருந்ததில்ல."

பொட்டலம் கைவினைச் சங்கத்தின் பெயருக்கு வந்திருந்தது. சங்கக் கடையைப் பார்த்துக்கொள்ளும் வெரோனிக்குக்கு ஆள் அனுப்பினேன். கழுத்து வியர்வையைத் துடைத்தபடி வந்து, என் மேசைமேலேயே பிரித்தாள். உள்ளே இருந்தது பூர்ஜ மரத்தின் பட்டையால் செய்த ஒரு பெட்டி. வட்ட மூடி, விளிம்பில் நெருக்கிச் சுற்றிய வாசனைப்புல், மூடியின் நடுவே, சாயமே ஏற்றாத முள்ளம்பன்றி முட்களால் கறுப்பும் வெளுப்புமாக ஒரு மீன்கொத்தி, அலகைக் கீழே சாய்த்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வயிற்று வெள்ளையை அப்படி நிரப்பக்கூடிய கை எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அடியில் தொங்கிய சங்கத்தின் சிவப்புச் சீட்டில் பெயரைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

பெட்டியை வாங்கி, இப்போது திருப்பி அனுப்பிய அம்மையார் உடன் வைத்திருந்த குறிப்பு மிகுந்த மரியாதையோடு எழுதப்பட்டிருந்தது; அதனாலேயே படிக்கக் கூசியது. குளிர்காலம் முழுவதும் பெட்டி அழகாக இருந்ததாம். வெயில் வந்ததும் கண்ணாடி அலமாரியைத் திறக்க முடியவில்லையாம். விருந்துக்கு வந்தவர்கள் காரணம் சொல்லாமல் எழுந்து போனார்களாம்.

"மூடு, வெரோனிக்" என்றேன்.

"மூடித்தான்கா இருக்கேன்" என்றாள் அவள்.

*

பிலோமினின் வீடு என் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் இருக்கிறது. அன்று பிற்பகல், கமிட்டிக்குச் சேதி சொல்லிவிட்டு வந்த வெரோனிக்கும் நானும் போனபோது அவள் முற்றத்தில் உட்கார்ந்து, முந்தின நாள் உரித்துவந்த பட்டையின் வெளித்தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். அவளுடைய மகள் டெல்மா முட்களை நீளவாரியாகப் பிரித்துப் புகையிலை டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் அம்புரோஸ் கதவு நிலையில் சாய்ந்திருந்தான். மரம் வெட்டும் முகாமில் இடுப்பில் அடிபட்ட பிறகு அவனுக்கு உட்காருவதும் வலி, நடப்பதும் வலி. சாய்ந்திருப்பது மட்டும் கைகூடியிருந்தது. அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது பிலோமினின் பெட்டிகளால்தான்.

வெரோனிக் பெட்டியை நீட்டினாள். பிலோமின் அதை வாங்கி, மூடியை நாக்குக்கு எட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டாள். மோந்து பார்த்தாள் என்று சொல்ல மாட்டேன். அதற்கு அவசியம் இருக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்னடி தெரியும்?"

"இதை வாய்ல வச்சுத்தானே ஊறவச்சேன். ஒரு இலையுதிர்காலம் பூரா. எனக்குத் தெரியாம எப்படி இருக்கும்?"

கிண்ணத்துத் தண்ணீரில் முள்ளை ஊறவைக்கிறவர்கள் உண்டு. பிலோமின் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். முள் எப்போது இளகிற்று என்பதை நாக்கு உடனே சொல்லிவிடும் என்பாள். முனையைக் குத்தூசித் துளைக்குள் செலுத்தி, பட்டையின் உட்புறத்தில் மடக்கிவிட்டு, அடுத்த முள்ளைக் கன்னத்திலிருந்து எடுப்பாள். கடைசியில் உட்புறம் முழுவதையும் இன்னொரு பட்டையால் மூடித் தைத்துவிட்டால், மடங்கிய முனைகளை அதன் பிறகு ஒருவரும் பார்ப்பதில்லை. மீன்கொத்தி வளர்ந்த நாள்களில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் தேநீரைத் தொடாமலே திரும்பிப் போவாள். ஏன் என்பது அந்தச் செவ்வாய்க்கிழமைதான் எனக்கு விளங்கிற்று.

"வியாழக்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடுது" என்று வெரோனிக் தரையைப் பார்த்துச் சொன்னாள். "தலைவர் உன்னை வரச் சொன்னாரு. பெட்டியையும் கொண்டாரச் சொன்னாரு."

"தலைவரா?" என்றான் அம்புரோஸ். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பில் எச்சில் இருந்தது.

*

தலைவர் என்பது சங்கத் தலைவர் இசிதோர். பிலோமினுடைய தாய்மாமன் மகன்; ஆகவே அவளுக்கு மச்சான் முறை. பழங்குடிகளான எங்களிடத்தில் அந்த முறைக்காரர்கள் சந்திக்கும்போது ஒருவரை ஒருவர் கேலி செய்யாமல் நகர்ந்தால், இருவருக்கும் மனத்தாங்கல் என்று ஊர் பேசும். இசிதோரிடம் பச்சை நிறக் கார் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பெண்களை அதில் ஏற்றிக்கொண்டு, தொலைவிலிருந்த தேவாலயத்துக்குப் பூசைக்குப் போவார். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பார். டிக்கியில் எண்ணெய் டப்பா ஒன்று ஆண்டுக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்தது. அதில் வைத்த பையை எடுத்தால் கறை இருக்கும். யாரும் அதைச் சொன்னதில்லை. தாராள மனத்தவர் என்பது அவரைப்பற்றி ஊரில் வழங்கிய சொல். அதை முதலில் வழங்கியவர் அவரே.

முந்தின ஆகஸ்டில், வடக்கே ஒரு கூட்டத்துக்குப் புறப்பட்டுப் போகும் வழியில், அவருடைய கார் ஒரு முள்ளம்பன்றிமேல் ஏறிற்று. எடுத்து டிக்கியில் போட்டுக்கொண்டார். கூட்டம் முடிந்தது, பிறகு விருந்து, அதற்கும் பிறகு ஒரு நண்பர் வீடு. திரும்பி வந்தவர் பிலோமினின் முற்றத்தில் காரை நிறுத்தி டிக்கியைத் திறந்தபோது நான் என் வாசலில் நின்றிருந்தேன். தெருவைத் தாண்டி வந்து என்னை உள்ளே போகச் சொன்னது அந்த நாற்றம், நான் போகவில்லை.

விலங்கு ஊதியிருந்தது. அதன் கால்கள் நான்கு திசையில் விறைத்து நின்றன. இசிதோர் ஒரு பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி நீட்டினார்.

"பிலோ, உனக்குன்னே அடிச்சுக் கொண்டாந்தேன். ஊர்ல எத்தனையோ பேரு பெட்டி செய்றாளுக, ஆனா என் அத்தை மகளுக்குத்தான்னு மனசு சொல்லுச்சு. பாரு, எப்படிக் கொழுத்திருக்கு!"

அது கொழுப்பன்று என்பது அதற்குள் வந்து மொய்த்துவிட்ட ஈக்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்களிடத்தில் ஒருவர் விலங்கைக் கொடுத்தால், கொடுப்பவர் அவர் மட்டும் அல்லர். விலங்கும் தன்னைக் கொடுத்திருக்கிறது. மறுத்தால் இருவரையும் மறுத்ததாகும். எப்போது செத்தது என்று கேட்கக்கூடாது. கொடுத்தவர் எதிரில் அதை மோந்து பார்ப்பது அவரைக் கன்னத்தில் அறைவதற்குச் சமம். வாங்கிக்கொண்டு ஒரு நல்ல சொல் சொல்ல வேண்டும். வாங்கியதைப் பயன்படுத்தவும் வேண்டும். பிலோமின் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு தசையும் மாறவில்லை.

"நன்றி, மச்சான். நல்லாக் கனமா இருக்கு."

கார் திருப்பத்தைக் கடந்து மறையும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு புல்மேல் வைத்தாள். தலைமாட்டில் அதற்குக் காணிக்கையாக ஒரு சிட்டிகை புகையிலை வைத்துவிட்டு, பிடுங்க உட்கார்ந்தாள். நல்ல விலங்கில் முள் வேரோடு சுத்தமாக வரும். சுண்டினால் உலர்ந்த சத்தம் கேட்கும். இதில் முள்ளோடு தோல் வந்தது, தோலோடு அதன் அடியில் இருந்ததும் வந்தது. டெல்மா இரண்டு கைப்பிடிக்குமேல் தாங்காமல் வேலியோரம் ஓடிப் போய் வாந்தியெடுத்தாள். இறைச்சி தின்பதற்கில்லை, அம்புரோஸ் அதைக் காட்டோரம் ஆழமாகப் புதைத்தான். முட்களைச் சோப்பு நீரில் அலசி, ஏரி நீரில் அலசி, மறுபடி சோப்பு நீரில் அலசி, கூரைமேல் செய்தித்தாள் விரித்துக் காயவைத்தார்கள். ஊன் வாடை ஏறக்குறையப் போயிற்று. டிக்கியின் எண்ணெய் மட்டும் போகவில்லை. முள்ளின் உள்ளே இருப்பது பஞ்சு போன்ற சோறு. அது குடித்ததைத் திருப்பித் தராது.

*

"ஏரில வீசியிருக்கணும்" என்றான் அம்புரோஸ். அந்தச் செவ்வாய்க்கிழமை வெரோனிக் போன பிறகும் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். "அன்னிக்கே சொன்னேன்."

"சொன்னீங்க."

"அவனுக்கு என்ன தெரியப் போவுது?"

"தெரியாதா? மறுவாரமே வந்து நின்னாரே. என் முள்ளு எங்க, எந்தப் பெட்டில வருதுன்னு. அதுக்கு அடுத்த வாரமும் வந்தாரு. சும்மா ஒரு சின்னப் பெட்டில ஓரத்துக்கு வச்சேன்னு காட்ட முடியுமா? குடுத்தவரு முகம் கோணாதா? அதான் மீன்கொத்திக்கு வச்சேன்."

"இருக்கறதுலயே நல்ல பெட்டிக்கு, இருக்கறதுலயே நாறின முள்ளு."

"ஆமா."

"அப்புறம் அவன் கடைல நின்னு, 'இந்தக் குருவியோட வயிறு என் கார் அடிச்சது'ன்னு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொன்னான்ல? அக்கா, நீங்களும் கேட்டீங்கதானே?"

"கேட்டேன்" என்றேன். ஊரில் கேட்காதவர் இல்லை.

"அப்ப அதையே வியாழக்கிழமை சொல்லு. ஒரே வார்த்தை. விதி அப்படித்தானே எழுதியிருக்கான்? முள்ளு எங்கேந்து வந்துச்சுன்னு சொல்லணும். குடுத்தவன் மேல குத்தம்னா செஞ்சவ மேல குத்தமில்ல. அவனே எழுதின விதி!"

பிலோமின் சீவலை நிறுத்தவில்லை. பட்டையின் வெளித்தோல் காகிதம் போலச் சுருண்டு அவள் மடியில் விழுந்துகொண்டிருந்தது.

"குடுத்ததைக் குத்தம் சொல்லச் சொல்றீங்க."

"குத்தமுள்ளதைக் குத்தம் சொல்லச் சொல்றேன்."

"அந்தப் பன்னி என்னா பண்ணுச்சு? அது நல்லாத்தான் குடுத்துச்சு. இடைல இருந்தவரு கெடுத்தாரு. ஆனா அதைச் சொன்னா ரெண்டு பேரையும் சேத்துத்தான் சொல்ற மாதிரி ஆகும். நாளைக்கு எனக்கு எது கிடைக்கும்? முள்ளு கிடைக்குமா? மனுசன் குடுப்பானா?"

"சீட்டைப் பிடுங்கிட்டா முள்ளை வச்சுக்கிட்டு என்ன, பல்லா குத்துவ?"

டெல்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிலோமினும் சிரித்துவிட்டாள், சிரித்த பிறகு தலையைத் தூக்கவில்லை. சங்கத்தின் சிவப்புச் சீட்டு இல்லாத பெட்டியைத் தீவின் எந்தக் கடையும் வாங்காது. ஏரிக்கரை விடுதிக்காரி ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தாள்: வேலை வேண்டுமானால் படுக்கைத் துணி துவைக்கலாம், கழிப்பறை கழுவலாம். அந்தச் சேதியை எங்கள் வீட்டு முன்னறையில் சொல்லிவிட்டுப் போனவள், விடுதிக்காரியின் குரலில் இருந்த இரக்கத்தையும் சேர்த்தே நடித்துக் காட்டினாள்.

*

புதன்கிழமை அவர்கள் காட்டுக்குப் போனார்கள். சீட்டுப் போனால் பட்டை எதற்கு என்று அம்புரோஸ் கேட்டதற்கு, "பட்டை கமிட்டிக்காகக் காத்திருக்காது" என்றாள் பிலோமின். அது உண்மை. கோடையின் அந்தச் சில நாள்களில்தான் பூர்ஜப்பட்டை மரத்தை விட்டுத் தானாகக் கழலும். அது தாண்டினால் இறுகிக்கொள்ளும். பிறகு கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், சுரண்டி எடுத்தது பெட்டிக்கு ஆகாது. தபால் வேலை முடிந்து நானும் கூடப் போனேன்.

காட்டுக்குள் காற்றே இல்லை. கொசுக்கள் காதுக்குள் நுழைந்தன. டெல்மா தலையில் பழைய திரைச்சீலை ஒன்றைச் சுற்றியிருந்தாள். பிலோமின் மரத்தைத் தட்டிப் பார்த்தாள். அடியில் புகையிலை வைத்தாள். மேலிருந்து கீழாக ஒரு கீறல் மட்டும் போட்டாள். விரல்களை உள்ளே விட்டதும், ஈரத்துணியை உதறினாற் போன்ற சத்தத்துடன் பட்டை மரத்தைச் சுற்றித் திறந்துகொண்டது. உட்புறம் மஞ்சளாக, வழுவழுப்பாக இருந்தது. பச்சை வாசனை அடித்தது. இரண்டு நாள்களாக என் மூக்கில் தங்கியிருந்ததை முதன்முதலாக அதுதான் வெளியேற்றிற்று.

பகலுக்கு வறட்டு ரொட்டியும் புகையில் வாட்டிய மீனும் கொண்டுவந்திருந்தார்கள். பிலோமின் ரொட்டியை மட்டும் தின்றாள்.

"மீனு எடுத்துக்கடி" என்றேன்.

"வாய்க்குள்ள எது போனாலும் அந்த எண்ணெய் வந்து நிக்குதுக்கா. போன வருசத்து எண்ணெய். இப்பவும்."

அம்புரோஸ் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றபடி, "அவன் கார் டிக்கில உன்னை வச்சு ஓட்டிட்டான்" என்றான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை.

*

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஊர்ப் பொதுக்கூடத்தில் கமிட்டி கூடிற்று. சன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். அதனால் செத்த மீன்களும் கூட்டத்தில் கலந்துகொண்டன. மேசைக்குப் பின்னால் நடுவில் இசிதோர், வலப்பக்கம் வெரோனிக், இடப்பக்கம் மூன்றாவது உறுப்பினரான ஒனெசிம். ஒனெசிமுக்குக் காது மந்தம். ஆகவே அவர் எல்லாத் தீர்மானங்களுக்கும் தலையசைத்துப் பேரெடுத்தவர். எதிரில் பெட்டி செய்யும் பெண்கள் பெஞ்சுகளில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். இசிதோர் சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போட்டிருந்தார்.

"சங்கத்தோட நல்ல பேரு நம்ம எல்லாருக்கும் சோறு போடுது" என்று தொடங்கினார். "அந்தப் பேருக்கு ஒரு களங்கம் வந்திருக்கு. எனக்கு இவ அத்தை மகதான். ஆனா இந்த நாற்காலில உக்காந்தா எனக்கு அத்தை மகளும் இல்ல, மாமா மகனும் இல்ல."

"கார் மட்டும்தான் இருக்கு" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அது கத்ரீன். பல் இல்லாததனால் அவள் எதைச் சொன்னாலும் குழந்தை சொன்னது போலிருக்கும். அந்த வசதியை அவள் வீணாக்கியதில்லை.

இசிதோர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. "மொதல்ல பெட்டியத் திறந்து பாத்துருவோம்."

வெரோனிக் சிறு கத்தியால் மூடியின் உட்பட்டைத் தையலை அறுத்தாள். உட்பட்டை சுருண்டு எழுந்தது. மடங்கிய முள்முனைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. அவை வெண்மையாக இல்லை. அழுக்கு மஞ்சளில், மெழுகு வடிந்தாற்போல் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவற்றின் இடுக்குகளில் மயிருள்ள சிறு புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்தன. சில, தின்று முடித்துக் கூட்டையும் விட்டுப் போயிருந்தன.

முதலில் வந்தது ஊன் நாற்றம். அதன் பின்னால், அதைத் தோளில் கைபோட்டு அழைத்து வந்தது போல, எஞ்சின் எண்ணெயின் வாடை வந்தது.

ஒனெசிம் மூக்கைச் சுளித்தார். "யாரு செத்தது?" என்று கூடம் முழுவதும் கேட்கும்படி கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சுகளில் இருந்தவர்கள் அனைவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வாடையோடு பூசைக்குப் போய் வந்தவர்கள். ஒருத்தி தன் கைப்பையைத் திருப்பி அதன் அடிக்கறையைப் பார்த்துவிட்டு, மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"எனக்கு வயசாயிருச்சு" என்றாள் கத்ரீன். "மூக்கு சரியில்ல. ஆனா இதை நான் எங்கயோ மோந்திருக்கேன். சாமி கும்பிடப் போறப்பவா, வர்றப்பவா…"

"வாடை விசாரணைல இல்ல" என்றார் இசிதோர். குரல் சற்றே உயர்ந்துவிட்டது, தாழ்த்திக்கொண்டார். "முள்ளுதான் விசாரணைல இருக்கு. பிலோமின், விதி உனக்குத் தெரியும். இந்த முள்ளு எங்கேந்து வந்துச்சு? சொல்லிட்டா முடிஞ்சுது."

அவர் அவளை நேராகப் பார்த்துத்தான் கேட்டார். அவள் சொல்ல மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் அவரால் கேட்க முடிந்தது. எனக்கு அதுவரை குமட்டியது பெட்டியைப் பார்த்து. அந்தக் கேள்விக்குப் பிறகு பெட்டியைப் பார்ப்பது ஆறுதலாக இருந்தது. புழு தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

பிலோமின் எழுந்து நின்றாள்.

"குடுத்தாங்க."

"யாரு குடுத்தா?"

"முள்ளம்பன்னி."

கூடம் வெடித்துச் சிரித்தது. கத்ரீன் முன்பெஞ்சைத் தட்டினாள். ஒனெசிம் ஏனென்று தெரியாமலே சிரித்தார். சொன்னது பதிலும்தான், எங்கள் முறைப்படி சரியான பதிலும்தான். அதைத் தவறென்று சொல்ல அந்தக் கூடத்தில் எவருக்கும் வாய் வராது. இசிதோரின் காதுகள் மட்டும் சிவந்தன.

"கேலி பண்ற எடமில்ல இது."

"நீங்க என் மச்சானாச்சே. கேலி பண்ணாட்டி ஊரு தப்பா நினைக்கும்."

"இந்த நாற்காலில—"

"ஆமா, மறந்துட்டேன். அங்க நீங்க யாரும் இல்ல."

அம்புரோஸ் சுவரை விட்டு நிமிர்ந்தான். "போதும். நான் சொல்றேன். போன ஆகஸ்டுல ஒரு பச்சைக் கா—"

"அம்புரோஸ்."

அவள் திரும்பவில்லை, பெயரை மட்டும் சொன்னாள். அவன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். இடுப்பு இழுக்க அவன் படியிறங்கும் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

இசிதோர் பெண்களைப் பார்த்தார். "வேற யாராச்சும் எதாச்சும் சொல்லணுமா?"

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருத்திக்கு மகள் பேறுகாலம். ஒருத்திக்குக் கணவன் நெஞ்சு நோயாளி. ஒருத்திக்குப் பூசை தவறினால் தூக்கம் வராது. அத்தனை பேரும் சன்னலுக்கு வெளியே நின்றிருந்த பச்சைக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிலோமினுக்கு வாயை அடைத்தது முறை. அவர்களுக்கு அடைத்தது அந்தக் காரில் ஓர் இருக்கை. இரண்டும் வெளியே ஒரே மௌனமாகத் தெரிந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சங்கத்தில் நான் உறுப்பினர் அல்லேன். ஆயினும் எழுந்து, "இந்தக் குருவியோட வயிறு யாரோடதுன்னு கடைல நின்னு சொன்னவரு இந்தக் கூடத்துலதான் இருக்காரு" என்றேன்.

"உறுப்பினர் அல்லாதவங்க பேச விதி இல்ல" என்றார் இசிதோர். பிறகு மேசைமேல் இருந்த தன் தொப்பியை எடுத்துப் பெட்டிமேல் கவிழ்த்தார். சிறிது நேரம் சென்று, அது எதன்மேல் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்து, எடுத்துக்கொண்டார்.

முடிவை எழுதிக் கையெழுத்திட்டுத் தருவதாகச் சொல்லிக் கூட்டம் கலைந்தது.

*

வெள்ளிக்கிழமை வெரோனிக் தபால்தலை வாங்க வந்தாள். வாங்கிய பிறகும் போகவில்லை.

"கையெழுத்துப் போட்டுட்டேன்கா."

"ம்."

"ரெண்டு கோடைக்குச் சீட்டு இல்ல. அவளுக்கும் டெல்மாவுக்கும். அப்புறம் பாக்கலாம்னு போட்டிருக்கு."

"யாரு மேல குத்தம்னு போட்டிருக்கு?"

"யாரு மேலயும் இல்ல. 'குறைபாடு காணப்பட்டது'ன்னு இருக்கு." அவள் தபால்தலையை நாக்கில் வைக்கப் போய், நிறுத்தி, என் மேசையில் இருந்த ஈரப்பஞ்சில் ஒற்றினாள். "எங்கம்மாவ அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ண?"

"கார்ல முன்சீட்டுல உக்காரு" என்றேன். "டிக்கி பின்னாடிதான் இருக்கு."

அவள் அழுதாள். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் போன பிறகு அந்தப் பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தேன்.

*

சனிக்கிழமை காலையில் காற்று மேற்குக்கு மாறியிருந்தது. செத்த மீன்களை ஏரி திரும்ப எடுத்துக்கொண்டது. பிலோமினின் முற்றத்தில் புதுப்பட்டைகளை விரித்து, சுருளாதபடி கற்களால் பாரம் வைத்துக்கொண்டிருந்தோம். டெல்மா கல் பொறுக்கிக் கொடுத்தாள். அம்புரோஸ் வழக்கம்போல் நிலையில் சாய்ந்திருந்தான். வியாழக்கிழமையிலிருந்து அவன் மனைவியோடு பேசவில்லை. ஆனால் பட்டைகளின் ஓரங்களை அவன்தான் நேராக வெட்டி வைத்திருந்தான்.

பச்சைக் கார் வந்து நின்றது. இசிதோர் இறங்கினார். முகம் மழித்து, தலை வாரியிருந்தார். நடந்து வந்தவர் பட்டைகளை மிதிக்காமல் சுற்றி வந்தார். அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

"நல்ல பட்டை" என்றார்.

"ஆமா."

"எங்க எடுத்தீங்க?"

"மரத்துல."

அவர் சிரிக்க முயன்றார். "பிலோ, மனசுல எதும் வச்சுக்காத. சங்கத்துக்குத் தலைவர்னு ஆயிட்டா எத்தனையோ பாக்கணும். எனக்கும் இது சந்தோசமில்ல. ரெண்டு வருசம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிரும். விடுதில வேலை இருக்காமே, நான் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன். தினம் போக வர நம்ம கார்லயே—"

"ஐயோ, வேணாம் மச்சான். நடந்தா காத்து வரும்."

நிலையில் அம்புரோஸ் இருமினான். அது இருமல் அன்று.

இசிதோர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். அடியில் மூன்று கையெழுத்துகளும் சங்க முத்திரையும் இருந்தன. ஒனெசிமின் கையெழுத்து மட்டும் வரிக்கு வெளியே போயிருந்தது. நீட்டினார்.

பிலோமின் கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு கைகளாலும் வாங்கினாள். படிக்கவில்லை. அவர் எதிரிலேயே, அவர் முகத்தைப் பார்த்தபடியே, தாளை மூக்குக்கு நேராக உயர்த்தினாள். மேல் ஓரத்திலிருந்து தொடங்கி, எழுத்துகளின் மேலாக, முத்திரையின் மேலாக, கடைசிக் கையெழுத்துவரை மெதுவாக, அவசரமே இல்லாமல், மோந்து பார்த்தாள்.

டெல்மாவின் கையிலிருந்த கல் கீழே விழுந்தது. இசிதோரின் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. முகத்தில் ஒரு பக்கம் மட்டும், அறை வாங்கினாற்போல், சிவந்து ஏறிற்று.

"நன்றி, மச்சான்" என்றாள் பிலோமின். "நல்லாக் கனமா இருக்கு."